ஒருவரும் இறக்காத ஒன்பது நாள்

"ஒன்பது நாளாய் எங்கட சனத்தில ஒருத்தரும் சாகேல்லைப் பிள்ளை. அது நடக்கிற காரியமே?"

கணினி திருத்தும் கடையில் குனிந்திருந்த கஜலட்சுமி நிமிர்ந்தாள். குடையை மடித்தபடி நின்றார் ஸ்ரீஸ்கந்தராசா. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் ஓய்வுபெற்றவர். மனைவி போனபின் கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டையில் தனியாக இருப்பவர். காலையில் எழுந்ததும் மரண அறிவித்தல் இணையத்தளத்தைத் திறப்பார். தெரிந்த பெயர் இருந்தால் அந்த வீட்டுக்கு அழைத்து நாலு வார்த்தை பேசுவார். அவர் மனிதரோடு பேசுவது பெரும்பாலும் அப்படித்தான்.

"தளத்தில அதே பழைய பெயருகள்தான் நிக்குது, அமத்தினால் திறக்குதில்லை. யாழ்ப்பாணத்தில இருக்கிற என்ர சிநேகிதன் குலவீரசிங்கத்திட்டக் கேப்பம் எண்டால் அவன்ர போனும் வேலை செய்யுதில்லை. வெள்ளிக்கிழமை எனக்கு இருதய ஒப்பரேசன். அதுக்கு முதல் ஆர் ஆர் போச்சினம் எண்டு தெரியவேணும்."

"வைரஸ்தான்!" என்றார் பக்கத்துக் கைத்தொலைபேசிக் கடை மஹ்ரூப், யாரும் கேட்காமலே. "கொஞ்சம் இரி லட்சுமி, கடையப் பூட்டிட்டு நானும் வாறேன்."

ஸ்ரீஸ்கந்தராசாவின் வீட்டில் கணினி மட்டும்தான் தூசில்லாமல் இருந்தது. திரையில் இரண்டு உலாவிகளின் சின்னங்கள். "நீலத்தைத்தான் அமத்துவன். மற்றதைத் தொடுறதில்லை," என்றார். நீலத்தைத் திறந்ததும் முகங்களும் பெயர்களும் வந்தன. கஜலட்சுமி ஒரு பெயரின்மேல் மவுஸைக் கொண்டுபோனாள். திரையில் அம்புக்குறி அம்புக்குறியாகவே நின்றது. அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை.

"நானா, எதக் கழட்டுனீங்க?" சுவரோரம் சார்ஜரோடு நின்ற மஹ்ரூபைக் கேட்டாள்.

"போன்ல சார்ஜ் இல்ல. அதப் போட இந்தப் பெட்டிட வயரத்தான் கழட்டினேன்."

இணையம் தரும் பெட்டியின் விளக்குகள் அணைந்திருந்தன. கஜலட்சுமி உலாவியை மூடி மறுபடி திறந்தாள். அதே முகங்கள், ஒன்றும் குறையாமல் வந்தன.

"ஐயா, இதை வேற யாரும் தொடுவாங்களா?"

"ஆர் வருகினம் இங்க? ஞாயிற்றுக்கிழமையில மகள் மதனி வருவா. பேராதனையில படிப்பிக்கிறா." அவர் தேநீர் போட எழுந்தார்.

கஜலட்சுமி பெட்டியை மறுபடி இணைத்து, மற்ற உலாவியில் அதே தளத்தைத் திறந்தாள். இன்றைய திகதி. தொட்ட பெயர் உடனே திறந்தது. ஒன்பது நாள் பின்னுக்குப் போனாள்.

"யா அல்லாஹ்," என்றார் மஹ்ரூப் மெதுவாக.

அவள் சட்டென்று மூடினாள். சமையலறையில் தண்ணீர் ஓடும் சத்தம். அலுமாரியில் நெடுநாள் கிடந்த கோப்பைகளை அவர் ஒவ்வொன்றாகக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் மேசையில் எழுதியிருந்த மகளின் எண்ணுக்கு அழைத்தாள்.

அரை மணி நேரத்தில் மதனி வந்தாள். வாசலிலேயே கஜலட்சுமி கேட்டாள்: "நீங்க சொல்றீங்களா மிஸ், நான் சொல்லட்டா?"

மதனி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தாள்.

உள்ளே வந்து கஜலட்சுமி நிதானமாகச் சொன்னாள். "ஐயா, இது வைரஸ் இல்லைங்க. வைரஸ்னா மற்ற பக்கங்களும் கெட்டிருக்கும். தளமும் பழுதில்ல, மற்ற உலாவியில நல்லாத் திறக்குது. இணைப்புன்னா அம்பு கையா மாறணும், மாறல. இணையமே இல்லாமலும் பக்கம் வந்திச்சு. அப்படின்னா இது பக்கமே இல்ல. பக்கத்தோட படம். நீலத்தத் திறந்தா அந்தப் படம் வர்ற மாதிரி யாரோ செஞ்சிருக்காங்க."

"கள்ளன் என்னத்துக்கு..." என்று தொடங்கிய மஹ்ரூப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"ஒண்ணும் களவு போகலைங்க. ஒரு செய்தி மட்டும் உங்ககிட்ட வராமப் பாத்துக்கிட்டாங்க. நீங்க நீலத்தைத்தான் தொடுவீங்கன்னு தெரிஞ்ச ஆள். படத்தில உள்ள திகதி, போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு."

ஸ்ரீஸ்கந்தராசா மகளைப் பார்த்தார். அவளுக்காகக் கொண்டுவந்த தேநீரை மேசையில் வைத்தார்.

"குலவீரசிங்கமோ?"

"ஒப்பரேசன் முடியட்டும் எண்டு நினைச்சன் அப்பா. தெரிஞ்சால் நீங்கள் அண்டைக்கே யாழ்ப்பாணம் பஸ் ஏறியிருப்பியள்."

"ஏறியிருப்பன்தான்."

பிறகு அவர் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "திற பிள்ளை."

கஜலட்சுமி மற்ற உலாவியில் குலவீரசிங்கத்தின் அறிவித்தலைத் திறந்தாள். அவர் உரக்க வாசித்தார்: அன்புக் கணவரும், பாசமிகு தந்தையும், அருமைச் சகோதரரும், மைத்துனரும், பாட்டனாரும். ஒவ்வொரு உறவுக்கும் பெயர்கள். இறுதிவரை வாசித்துவிட்டு மறுபடி மேலிருந்து வாசித்தார்.

"முப்பத்தொரு வருசம் ரெண்டுபேரும் ஒரே கந்தோரில வேலை, ஒரே சாப்பாட்டுப் பாசல்," என்றார். "சிநேகிதனுக்கு இதில ஒரு வரி போடமாட்டினம்."

கீழே 'தகவல்: மகன்' என்று ஓர் எண் இருந்தது. மதனி தடுக்கவில்லை, தானே அழுத்திக் கொடுத்தாள். மணி நாலைந்து தரம் அடித்தது.

"தம்பி, நான்... கண்டியில இருந்து..." தான் இன்னார் என்று சொல்ல அவருக்குச் சொல் கிடைக்கவில்லை.

மறுமுனையில் உடைந்த குரல் கேட்டது. "ராசா மாமாவே? ஏன் மாமா இவ்வளவு நாளும் எடுக்கேல்லை?"