கழுவாத ஜல்லி

நேற்று ஊற்றிய பசை மேசை முழுக்கக் காய்ந்து இறுகியிருந்தது. வளைவில் மட்டும் ஈரம்.

அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். பொம்மைத் தண்டவாளத்தின் குறுக்குக்கட்டைகளுக்கு நடுவே கடுகளவு ஜல்லி நெகிழ்ந்து, உடம்புச் சூட்டோடு கிடந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனபோது மழையில் நனைந்த இரும்பின் வாடை அடித்தது. பசைக்கு இந்த வாடை கிடையாது.

தம்பி பாதியில் விட்டுப்போன ரயில்பாதை இது. அவன் செத்ததிலிருந்து அம்மா உள்ளறையை விட்டு வரவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிடுகிறாள். "அவன் வண்டி ஓடுனா கூப்பிடு, வரேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னதுதான் இத்தனை நாளில் அவள் பேசிய ஒரே பேச்சு. அதற்காகத்தான் இவ்வளவும்.

காதில் பாட்டு மாட்டிக்கொண்டு தண்டவாளத்தில் நடந்தான், வண்டி அடித்தது என்று எழுதிவிட்டு ரயில்வே ஆபீஸில் கையை விரித்தார்கள். காதில் மாட்டும் அந்தச் சனியன் அவனிடம் இருந்ததே இல்லை. வளைவில் வண்டி வருவது கண்ணுக்குத் தெரியாது, ஒரு நடைமேம்பாலம் கட்டுங்கள் என்று தெருவே கத்தியது. படித்தவள், நீ போய்க் கேள் என்றார்கள். போய்க் கேட்டாள். நாற்காலி போட்டார்கள். அவ்வளவுதான்.

அவன் அடிபட்ட அந்த வளைவிலிருந்துதான் ஒரு பை கல் அள்ளி வந்தாள். நிஜப் பாதையின் கல்லை உடைத்துப் போட்டால்தான் நிறம் சேரும் என்பது தம்பியின் கொள்கை. "ஆனா கழுவாமப் போட்டுத் தொலைக்காதக்கா, பசை பிடிக்காது" என்பான். துணியில் கட்டிச் சுத்தியலால் உடைத்தாள். டீ வடிகட்டியில் சலித்தாள். கழுவ மட்டும் கை வரவில்லை. எதைக் கழுவி எங்கே ஊற்றுவது?

தூரிகையால் வளைவை நிரவினாள். பசைச் சொட்டுக்குழாயை எடுக்கத் திரும்பிவிட்டுப் பார்த்தால் ஜல்லியில் ஒரு பள்ளம். சுண்டுவிரல் நீளம். ஒரு முனை தலைபோல் உருண்டையாக, தண்டவாளத்தின் பக்கம் சாய்ந்து. யாரோ ஒருக்களித்துப் படுத்த தடம்.

மறுபடி நிரவினாள். இந்தத் தடவை திரும்பவில்லை. கண்முன்னாலேயே கற்கள் உள்வாங்கின. மெதுவாக. தூக்கத்தில் புரள்வதுபோல்.

"என்னடி, முடிச்சிட்டியா?"

அம்மா வாசற்படியில் நின்றாள். தலை சீவியிருந்தாள்.

"இன்னும் காயலம்மா. நாளைக்கு ஓட்டலாம்."

"நாளைக்கு நாளைக்குன்னுதான் அந்த ஆபீஸ்காரனும் சொன்னான். தள்ளுடி."

அம்மா வண்டியின் வேகக் குமிழைத் திருகினாள். தண்டவாளத்தில் நின்ற பொம்மை இன்ஜின் கிளம்பியது. மகள் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

வண்டி நிற்கவில்லை.

ஊதல் இல்லாத பொம்மை அது. ஊதியது. எங்கோ தொலைவிலிருந்து வரும் பெரிய வண்டிபோல.

வளைவில் ஜல்லி அசைந்தது. கல்லோடு கல் ஒட்டி ஒரு கை எழுந்தது. நெல்லளவுக் கை. விரல்கள் விரிந்தன. வருகிற வண்டியைப் பார்த்து ஆடியது. நிறுத்து. நிறுத்து.

அம்மா குனிந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு.

"பாருடி, டாட்டா காட்டுறான்."

பதிலுக்கு ஒரு கையை ஆட்டிக்கொண்டே, மறு கையால் குமிழை முழுக்கத் திருகினாள்.