காயாத கரண்டி

சமையலறை ஆடி மாதத்திலிருந்து பூட்டியே கிடந்தது. அப்படியிருந்தும் அந்த மரக்கரண்டி ஈரமாக இருந்தது.

சுதா அதைத் தகர டப்பாவின் அடியிலிருந்து உருவி எடுத்தாள். டப்பாவில் இருந்த மற்றதெல்லாம் அவள் நினைத்தபடியேதான் இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிப் பழுப்பாகிப் போன ஜல்லிக்கரண்டிகள், எப்போதோ துருவிய தேங்காய் துளைகளில் கறுத்துக் காய்ந்திருந்த துருவி, கரப்பான் எச்சம் மிளகைத் தூவினாற்போல் ஒட்டிக் கிடந்த முறுக்கு அச்சு, கைப்பிடி உடைந்த டீ வடிகட்டிகள், அவற்றுக்கிடையே செத்துச் சருகாகிப் போன ஒரு பல்லிக்குட்டி. எதைத் தொட்டாலும் விரல் ஒட்டிக்கொண்டு, பிரியும்போது சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. மரக்கரண்டியில் மட்டும் தூசி இல்லை, பிசுக்கும் இல்லை. அதன் குழிந்த பக்கம் வழுவழுவென்று மின்னியது. கட்டைவிரலை எடுத்தபோது மெல்லிய இழை ஒன்று கூடவே நீண்டு வந்து, நடுவில் அறுந்து, அவள் மணிக்கட்டில் விழுந்தது.

அவள் மோந்து பார்த்திருக்கக் கூடாது. காலையில் பல் தேய்க்காத வாயை யாரோ முகத்துக்கு நேராகத் திறந்தாற்போல இருந்தது.

"இன்னாங்க, இங்க வந்து பாரேன். இந்தக் கரண்டி எச்சி மாதிரி கொழகொழன்னு கீது."

கூடத்தில் சட்டை மாட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் சுகுமார் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "மழ பேஞ்சிக்கினே கீது. ஓதம் அடிக்காதா? தூக்கிப் போட்டுட்டு வேற வேலயப் பாரு."

அவன் புதிதாகச் சேர்ந்திருந்த கம்பெனியின் வேன் தெரு முனைக்கு வந்துவிடும். ஒரகடத்தில் வேலை போய், வாடகை கட்ட முடியாமல் ஊரோடு வந்துவிட்டவர்களுக்கு சாலவாக்கத்தை அடுத்த இந்த வீட்டை விட்டால் வேறு இடம் இல்லை. வீடு சுகுமாரின் அண்ணன் வேதகிரியுடையது. உத்திரமேரூர் சுற்று வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் அடுப்பு மூட்டிச் சமைக்க அவர்தான் போவார். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். தொண்டையில் நோய் வந்து, ஆடியில் இந்த வீட்டில்தான் செத்தார். ஒற்றை ஆளுக்கு எதற்கு இத்தனை கரண்டி என்று தோன்றும் அளவுக்கு, அலமாரி நிறைய, பரண் நிறைய சாமான்களை விட்டுப் போயிருந்தார்.

சுதாவுக்கு எச்சில் என்றாலே குமட்டும். கூரம் கிராமத்தில் பிறந்த வீட்டிலேயே அவளுக்குத் தனி டம்ளர். பெற்ற பிள்ளை கடித்துக் கொடுத்த முறுக்கைக்கூட வாயில் வைக்க மாட்டாள். சுகுமார் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அவள் மரக்கரண்டியைப் புளி போட்டுத் தேய்த்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்தாள். பிறகு கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். வேண்டியது ஒரு பக்கம், வேண்டாதது ஒரு பக்கம் என்று பிரித்து, வேண்டியதைக் கழுவித் துடைத்து ஆணியில் மாட்டினாள். வேண்டாததை அழுக்கோடு அழுக்காக ஒரு சாக்கின்மேல் குவித்து வைத்தாள்.

மறுநாள் காலையில் குவியல் சுத்தமாக இருந்தது.

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. துருவியின் துளைகளில் கறுத்திருந்த தேங்காய் ஒரு துளிகூட இல்லை. ஜல்லிக்கரண்டிகளின் பழுப்பு போய் வெள்ளை வெளேரென்று இரும்பு தெரிந்தது. முறுக்கு அச்சைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். கம்பியை விட்டுக் குத்தினாலும் வராத அந்த அடிப்பாகத்து மாவுக் காறை, ஓரம் ஓரமாக, பொறுமையாக, யாரோ வழித்து எடுத்தாற்போல் காணாமல் போயிருந்தது. எல்லாமே ஈரம். எல்லாவற்றிலும் அதே வாய் நாற்றம். அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. புண்ணுக்குக் கட்டும் துணியில் அடிக்கும் மருந்து நெடி.

ஆணியில் மாட்டியிருந்த கரண்டிகளின் நுனியிலிருந்து ஒவ்வொன்றாகச் சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. விழவில்லை. இழையாக நீண்டு, ஆடிக்கொண்டு நின்றது.

எலி, பூனை, பல்லி என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்தாள். வெந்நீரின் மேல் நுரை கட்டிக்கொண்டு மிதந்தது. அதை வடித்துக் கொல்லையில் ஊற்றியபோது கோழிகூட அந்தப் பக்கம் வரவில்லை.

மத்தியானம் சாம்பார் வைத்தாள். கொதிக்கும்போது கரண்டியால் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்த்தாள். சரியாக இருந்தது. கரண்டியைத் தட்டில் கவிழ்த்துவிட்டு, கூடத்தில் அழுத கீர்த்தியைச் சமாதானப்படுத்தப் போனாள். நாலு வயசுப் பிள்ளை. பசி தாங்காது. அதன் மூக்கைத் துடைத்துவிட்டுக்கொண்டு இருக்கும்போதே சமையலறையில் அந்தச் சத்தம் கேட்டது.

கன்றுக்குட்டி மடியை முட்டிக் குடிக்கும் சத்தம் போல. ஆனால் மெதுவாக. ருசி பார்த்துப் பார்த்து. நடுவில் ஒரு மூச்சு. மறுபடியும்.

அவள் போய்ப் பார்க்கும்போது தட்டில் சிந்தியிருந்த சாம்பார் இல்லை. கவிழ்த்து வைத்த கரண்டி மல்லாந்து கிடந்தது. பளபளவென்று இருந்தது. அடுப்பு மேடையில் யாரும் இல்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. கொதிக்கிற சாம்பாரை வெறித்துக்கொண்டு நின்றவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இதே கரண்டி. கொதிக்க வைத்து மாட்டியதை ஆணியிலிருந்து எடுத்து அப்படியே குழம்பில் விட்டுக் கலக்கினேனே. அதற்கு முன்னால் அதைத் துடைத்தேனா? காய்ந்திருந்ததா? உப்புப் பார்த்தேனே. விழுங்கினேனே.

நாக்கின் அடியில் ஏதோ ஊறியது. அவள் கொல்லைக்கு ஓடி, துணி துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள்.

பக்கத்துக் களத்தில் ஈர நெல்லைத் தள்ளிக்கொண்டிருந்த மங்கம்மா வேலியோரம் வந்தாள். வேதகிரி படுத்த படுக்கையானபோது வீடு பெருக்கி, துணி அலசிப் பார்த்துக்கொண்டவள் அவள்தான்.

"இன்னாம்மா, முழுவாம கீறியா?"

"அதெல்லாம் இல்லக்கா. இந்த வூட்டுச் சாமான் ஒண்ணும் சரியில்ல. எத்தினி தடவ கழுவினாலும் எச்சியா கீது."

மங்கம்மா கையிலிருந்த பலகையைக் கீழே வைத்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"எத்தினி ஊருக்கு ஆக்கிப் போட்ட மனுசன். கடேசில ஒரு வாய் தண்ணி எறங்கல. மூக்குல டியூப் வுட்டு அதுலதான் கஞ்சி ஊத்துவேன். கஞ்சி வயித்துக்குப் போவும், நாக்குக்கு இன்னா தெரியும்? ஒரு கரண்டியக் குட்த்துட்டுப் போ மங்கம்மான்னு கையக் காட்டுவாரு. கொயம்புல தோச்சிக் குடுப்பேன். அத்த வாயிலயே வெச்சிக்கினு, சப்பிக்கினே கெடப்பாரு. பொயுதுக்கும். புடுங்கினா அயுவாரு."

"அந்தக் கரண்டிய இன்னா பண்ணே?"

"கெழவிக்கு நெனப்பு கீதா? ஒண்ணா ரெண்டா? சீழும் ரத்தமும் ஒட்டிக்கினு வரும். கயுவிட்டு டப்பாலயே போட்டுடுவேன்."

சுதா மறுபடியும் கல்லைப் பிடித்துக்கொண்டாள். வயிற்றில் ஒன்றும் மிச்சம் இல்லை. மஞ்சளாகக் கசப்புத்தான் வந்தது.

அன்று சாயங்காலம் பழைய இரும்பு வாங்கும் ஜான்சனின் குட்டியானை வண்டி ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு தெருவுக்குள் வந்தது. சுதா பிரித்துப் பார்க்கவில்லை. வேண்டியது, வேண்டாதது என்று பார்க்கவில்லை. கரண்டி, வடிகட்டி, மத்து, துருவி, இடுக்கி, தோல் சீவி, தோசைத் திருப்பி, அவள் கல்யாணத்துக்கு அம்மா வாங்கிக் கொடுத்த ஸ்பூன்கள் உட்பட எல்லாவற்றையும் சாக்கில் திணித்து வாசலில் இழுத்துப் போட்டாள். ஜான்சன் சாக்குக்குள் கையை விட்டு, உடனே வெளியே எடுத்து, லுங்கியில் அழுத்தித் துடைத்தான்.

"இன்னாக்கா, நாயிக்கு சோறு வெச்ச சாமானா? இப்டி வழியுது?"

"காசு ஒண்ணும் வோணாம். எட்த்துக்கினு போனா போதும்."

வண்டி ஏரிக்கரை திரும்புகிற வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்குள் வந்து ஃபினாயில் ஊற்றித் தரையைக் கழுவினாள். வெறுமையான ஆணிகளைப் பார்க்கப் பார்க்க நெஞ்சுக்குள் காற்று இறங்கியது. சுகுமார் வந்து, சோற்றைத் தட்டில் கையால் அள்ளிப் போடுகிற மனைவியைப் பார்த்து, "புதுசா ரெண்டு கரண்டி வாங்கியாரேன், பேஜார் பண்ணாத, தின்னு" என்றான். அன்று ராத்திரி அவள் நன்றாகத் தூங்கினாள். காலையில் எழுந்து பார்த்தால் சமையலறை காய்ந்து கிடந்தது. தரை காய்ந்திருந்தது. மேடை காய்ந்திருந்தது. அவள் சுவரையும் தடவிப் பார்த்தாள்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. சுகுமார் வேலைக்குப் போய்விட்டான். வானம் இறங்கி வந்து, வீட்டுக்குள் விளக்குப் போடுகிற அளவுக்கு இருட்டியது. போடலாம் என்றால் கரண்ட் இல்லை. சுதா பருப்புச் சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து வைத்தாள். இன்று நானே சாப்பிடுவேன் என்று கீர்த்தி அடம்பிடித்து, முழங்கை வரை வழித்துக்கொண்டு சாப்பிட்டது. பாதியிலேயே தலை ஆடியது. கை கழுவக்கூட விடாமல், சமையலறை வாசலில் கிடந்த பாயில் சாய்ந்து தூங்கிவிட்டது. தண்ணீர் கொண்டுவந்து துடைத்துவிடலாம் என்று எழுந்தவள், கொடியில் துணி நனைவதைப் பார்த்துக் கொல்லைக்கு ஓடினாள்.

மழை தகரத்தில் அடித்தது. ஈரத் துணிகள் கையில் கனத்தன. ஒவ்வொன்றாக உருவி மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டிருந்தவள், நடுவில் நின்றாள்.

மழைச் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம்.

கன்று குடிக்கிற மாதிரி. மெதுவாக.

துணி கீழே விழுந்தது. சேற்றில் கால் வழுக்கியது. கதவு. நிலை. இருட்டு.

கீர்த்தி மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. வலது கை மட்டும் நேராக மேலே நின்றது. யாரும் பிடித்திருக்கவில்லை. விரல்கள் ஐந்தும் குவிந்து, நெருங்கி, நுனியிலிருந்து மணிக்கட்டு வரை ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன. பருப்பு இல்லை. நெய் இல்லை. மணிக்கட்டுக்குக் கீழே சதையைச் சுற்றி வளையமாக ஒரு பள்ளம். பல் பதிந்த தடம் இல்லை. ஈறு அழுத்திய தடம்.

பள்ளம் நகர்ந்தது. கீழே. முழங்கையை நோக்கி. போன இடமெல்லாம் மின்னியது.

"கூசுது..." பிள்ளை தூக்கத்தில் சிரித்தது.

சுதா கத்த வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. கால் வரவில்லை. அந்த மருந்து நெடி மட்டும் வந்து அவள் தொண்டையில் இறங்கியது.

முழங்கை வரை முடிந்ததும் கை மெல்லத் தாழ்ந்தது. யாரோ பத்திரமாகப் பாயில் வைத்தார்கள்.

பிள்ளையின் உதட்டோரம் ஒரு பருக்கை சோறு ஒட்டியிருந்தது. அது காணாமல் போனது. அதை ஒட்டியிருந்த கன்னம் குழிந்தது. பிறகு அந்தச் சின்ன முகம் முழுவதும், நெற்றியிலிருந்து மோவாய் வரை, ஈரமாக மின்னிக்கொண்டு, ஏதோ வாய்க்குள் உறிஞ்சப்படுவது போல் மெல்ல மெல்ல மேலே எழும்பியது.