ஆள் வந்தால் இருமாதே

திருநீர்மலை அடிவாரத்தில் இருந்த அந்தப் பழைய வீட்டுக்கு நான் போனது ஐப்பசி மழையில், ஒரு பிற்பகலில். தாம்பரத்தில் சின்னதாக ஒரு டிராவல்ஸ் நடத்துகிறேன். என் பெயர் சுந்தரவல்லி. வெளிநாடு போகிறவர்களுக்கு இணையத்தில் பயண அனுமதிக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதுதான் முக்கால்வாசி வேலை. 2009-இல் டேட்டா கார்டு கைக்கு வந்ததும், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வாடிக்கையாளர் வீட்டுக்கே போக ஆரம்பித்தேன். பேய் என்றால் சிரிக்கிற ஆள் நான். அன்றுவரை.

மதியழகனும் நிஷாவும் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாதவர்கள். நிஷா ஆரணிப் பெண். வெளிநாட்டில் இருக்கும் அண்ணனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பார்க்கப் போகிறார்கள். எந்த நாடு என்று கேட்காதீர்கள். வாடிக்கையாளர் மானம்.

கூடத்தில் நீளமான சோபா. மதியழகன் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். எதிர் நாற்காலியில் நான், என் தோளுக்குப் பின்னால் நிஷா. கரண்ட் இல்லை. மழை இருட்டில் என் லேப்டாப் வெளிச்சம் மட்டும்தான்.

பெயர், பாஸ்போர்ட் எல்லாம் முடிந்தது. அடுத்த கேள்வியைப் படித்தேன்.

"சார், இதுக்கு முன்னாடி கல்யாணம் ஆயிருக்கானு கேக்குறான்."

"இல்ல மேடம். இல்லனு போடுங்க." கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

போட்டேன். அடுத்த பக்கம் வரவில்லை. அதே பக்கம் திரும்பி வந்தது. 'ஆம்' என்ற கட்டத்தில் டிக்.

"மழைக்கு நெட் பேஜார் பண்ணுது," என்று சொல்லி மறுபடி 'இல்லை' போட்டேன்.

மறுபடியும் ஆம்.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. பல நாள் பூட்டிக் கிடந்த அறையில் ஈரப் பாய் மக்கிய வாடை. கூடவே பழைய மஞ்சள்.

பிறகு ஒரு இருமல்.

வாய்விட்டு இருமவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, வெளியே கேட்டுவிடக் கூடாதே என்று நெஞ்சுக்குள்ளேயே அமுக்கிக்கொள்ளும் இருமல். கூடத்தை ஒட்டிய அறையிலிருந்து வந்தது. அதன் கதவில் வெளித்தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"உள்ள யாருங்க?" என்றாள் நிஷா.

இன்னொரு இருமல் வந்தது. மதியழகன் திரும்பவே இல்லை. கண் என் மேலேயே இருக்க, உதட்டை அசைக்காமல், வெகு நாள் பழகிய குரலில் அந்த அறைக்குள் கேட்கும்படி சீறினார்.

"ஆள் வந்தா இருமாதனு எத்தன வாட்டி சொல்றது!"

இருமல் சட்டென்று நின்றது.

தான் பேசியது தன் காதில் விழுந்த பிறகுதான் அவர் முகம் வெளுத்தது. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவருக்காக நான் கூசிப்போனேன்.

"யாருங்க அது?" நிஷா கிசுகிசுத்தாள்.

"நாகலக்ஷ்மி." கைக்குள்ளிருந்தே குரல் வந்தது. "என் பொண்டாட்டி. கல்யாணத்துக்கு அப்புறம் மூஞ்சி, கையெல்லாம் வெண்படை பரவிடுச்சு. கூட்டிகினு வெளிய போக வெக்கமா இருந்துது. வீட்டுக்கு ஆளுங்க வந்தா உள்ள போய்டுவா. நான்தான் தாப்பாள் போடுவேன்."

மழை ஓடுகளில் அடித்துக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு அவளுக்கு ஜொரம். ஆபீஸ் ஆளுங்க வந்திருந்தாங்க. இருமிகினே இருந்தா. நான் டிவி சத்தத்தை ஏத்தி வெச்சேன். அவங்க போனப்புறம் தொறந்தேன். வாய்ல துணி இருந்துது. மூச்சு இல்ல. கூப்பிடவே இல்ல நிஷா. ஒரு வாட்டிகூடக் கூப்பிடல."

"பூவாடை கும்பிடணும், உங்க வீட்ல சுமங்கலியா செத்துப் போனவங்க இருக்காங்களானு கல்யாணத்துக்கு முன்னாடியே கேட்டேனே," என்றாள் நிஷா. அழவில்லை. "யாரும் இல்லனு சொன்னீங்களே. புடவை வச்சு அவங்களைக் கூப்பிடாமயா என் கழுத்துல தாலி கட்டுனீங்க?"



"மேடம்," என்றாள் என்னிடம். "ஆம்னே போடுங்க. அவங்க பேரையும் எழுதுங்க."

எழுதினேன். பக்கம் உடனே நகர்ந்தது.

நிஷா பீரோவிலிருந்து மடிப்பு கலையாத அரக்குப் புடவை ஒன்றை எடுத்து வந்தாள். தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தாள். உள்ளே காலி. சுவரில் சாத்திய பாய் மட்டும்தான். புடவையை வாசற்படியில் வைத்து விழுந்து கும்பிட்டாள்.

"அக்கா, கூடத்துக்கு வாங்க. ஆளுங்க இருக்காங்கனு பாக்காதீங்க. இது உங்க வீடு."

எதுவும் நடக்கவில்லை.

பிறகு என் கணுக்காலை ஒட்டி ஒரு குளிர் நகர்ந்து போனது. கொலுசு இல்லை, காலடி இல்லை. தயங்கித் தயங்கிப் போகிற ஒரு குளிர், அவ்வளவுதான்.

மதியழகனுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த சோபா மெத்தை மெல்லக் கீழே அமுங்கியது.

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. அவர் சட்டைக் கை யாரோ பிடித்த மாதிரி அந்தப் பக்கமாக இழுபட்டு நின்றது.

விருந்தாளியான என் எதிரே, கணவனை ஒட்டி உட்கார்ந்து, யாரோ முதல் முறையாக வாய்விட்டு இருமினார்கள்.