படத்தின் கனம்

சுவர் வந்தது. கடிகாரம் வந்தது. அதற்குக் கீழே படம் இல்லை, வெறும் சாம்பல் பட்டை.

குழந்தைகள் காப்பகத்தின் தூங்கும் அறையிலிருந்து கேமரா ஒன்று விட்டு விட்டுப் படம் அனுப்பும். பெற்றோர்கள் வேலையில் இருந்தபடியே பார்த்துக்கொள்ளலாம். சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு வந்த படங்கள் எல்லாம் பாதியோடு நின்றுவிட்டன. அந்தப் படங்களை வாங்கிப் பெற்றோருக்கு அனுப்பும் சர்வரைக் கவனிப்பது அவள் வேலை. அவளுடைய மூன்று வயது வாண்டும் அங்கேதான், கதவோரப் பாயில், படத்தின் அடிப்பகுதியில் படுத்திருப்பான். இப்போது அந்தச் சாம்பலுக்குள் இருந்தான்.

"ஃபோன் மேல ஃபோன் போட்டு உயிரை வாங்குறாங்க," என்றார் மேனேஜர். "லிமிட் வெச்சதே நீதானே? பிள்ளையக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுறியா?"

உண்மைதான். பத்து விநாடிக்குள் ஒரு படம் வந்து சேராவிட்டால் இணைப்பை வெட்டிவிடு என்று சர்வரில் எழுதியவள் அவளே. ஆனால் எந்தப் படமும் இரண்டு விநாடியைத் தாண்டியதில்லை.

ஏசியின் முனகலும் ஈரக் குடைகளின் வாடையும் ஆறிப்போன காப்பியும் சூழ்ந்திருந்த மேசையில் குனிந்து, கேமரா அனுப்பத் தொடங்கிய படங்களின் முழு ஃபைல் அளவை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். ஒவ்வொரு படமும் முந்தையதைவிடக் கனமாக இருந்தது. அதே கேமரா, அதே அறை. வெறும் சுவர் என்றால் படம் லேசாக இருக்கும். பொடிப்பொடியான விவரம் ஏற ஏறத்தான் கனக்கும், வந்து சேரவும் நேரமாகும். புல் கனக்கும், மணல் கனக்கும். முடி எல்லாவற்றையும்விடக் கனக்கும்.

காப்பகத்து ஆயாம்மாவைக் கூப்பிட்டாள்.

"எல்லாம் தூங்குதுங்கம்மா. திரையக்கூட இழுத்துவிட்டுட்டேன்."

"வாண்டு?"

"அவனும்தான். மூச்சுச் சத்தமே இல்ல, அப்படித் தூங்குறான்."

அந்தக் குரலுக்குப் பின்னால், தரையில் துடைப்பம் இழுபடுவது போல ஏதோ கேட்டது.

"கூட்டுறீங்களா?"

"இல்லையேம்மா."

ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு லிமிட்டை முப்பது விநாடியாக்கினாள். அடுத்த படம் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது. முதல் வரிசைத் தலையணைகள் தெரிந்தன. அவற்றின் மேல் கறுப்பாக ஏதோ கிடந்தது. போர்வை என்று நினைத்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். இழை இழையாகப் பிரிந்தது.

"ஆயாம்மா, லைட்டப் போடுங்க."

"முழிச்சிக்கும்ங்கம்மா."

"பரவால்ல, போடுங்க. வாண்டத் தூக்கிட்டு வெளிய வாங்க."

"தூங்குறான்மா."

அதே குரல், பின்னால் அதே இழுபடும் சத்தம். எழுந்து ஓட வேண்டும் என்று கால் சொன்னது. போய்ச் சேர அரை மணி நேரமாகும். அவனை ஒருமுறை பார்க்காமல் அவளால் எழ முடியவில்லை. லிமிட்டை மொத்தமாக எடுத்துவிட்டாள்.

படம் வரி வரியாக வந்தது.

சுவர். கடிகாரம். முடி. முடிக்கு நடுவே ஆயாம்மா, சப்பணமிட்டு. இரண்டு கையும் மடியில்.

இரண்டிலும் ஃபோன் இல்லை.

"எல்லாம் தூங்குதுங்கம்மா," என்றது காதோரம்.

இன்னும் கீழே. மறுபடி முடி. கதவோரம். பாய். முடிக்கு வெளியே ஒரு சின்னக் குதிகால்.

அவனுடையது.

நாற்காலி கவிழ எழுந்தாள். அதற்குள் அடுத்த படம் வந்தது. கண் மூடித் திறக்கும் நேரம்கூட ஆகவில்லை. இதுவரை வந்ததிலேயே லேசான படம் அது.

மேனேஜர் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். படத்தைப் பார்க்கவில்லை, அளவைத்தான் பார்த்தார்.

"அப்பாடா, முழுசா வந்துடுச்சு. எவ்வளவு வேகம் பாரு."

சுவர். கடிகாரம். பளிச்சென்ற தரை. வரிசையாக விரித்த பாய்கள், தலையணைகள். ஒன்றிலும் யாரும் இல்லை. அடியில் கதவு திறந்திருந்தது, பாதி வரைக்கும்.

காதோரம் துடைப்பச் சத்தம் நின்றது. அங்கே யாரோ மெல்லக் கதவைச் சாத்தினார்கள்.