தாத்தா எப்ப வருவாங்க?

ருஷ்தாவின் வீட்டில் ஒரே ஒரு டீவிதான் இருந்தது. அதைப் பார்க்க நான்கு பேர் இருந்தார்கள். ஆகவே ரிமோட் யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் அந்த நேரத்துக்கு அந்த வீட்டின் ராஜா.

ஒரு திங்கட்கிழமை, கண்டியில் அவள் படிக்கும் பாடசாலையில் சித்தி றலியா என்ற பெயருடைய டீச்சர் ஒரு வீட்டு வேலை கொடுத்தார்.

"பார்க்கத் தகுந்த தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அஞ்சு எழுதிட்டு வாங்க. ஒவ்வொண்டையும் ஏன் பாக்கணும் எண்டு ஒரே ஒரு வசனம். வெள்ளிக்கிழமை எனக்குத் தரணும். வீட்டில உள்ளவங்ககிட்டயும் கேளுங்க."

ருஷ்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. பதினொரு வயதில் ஒருவருக்கு இதைவிடப் பெரிய அதிகாரம் கிடைக்குமா? அக்குறணையில் பஸ்ஸிலிருந்து இறங்கியதும், மாத்தளை வீதியில் இருக்கும் வாப்பாவின் பிளாஸ்டிக் சாமான் கடைக்குள் கொப்பியும் கையுமாக நுழைந்தாள்.

வாப்பா ஹாஷிம் யோசிக்கவே இல்லை. "கந்தோர் கலாட்டா!" என்றார்.

அது ஓர் அலுவலகத்தில் நடக்கும் நகைச்சுவை நாடகம்; அவர் சின்னப் பையனாக இருந்தபோது வந்தது. இப்போது தினமும் எட்டு மணிக்கு மறுபடியும் போடுகிறார்கள். ஒவ்வொரு பகிடியும் வாப்பாவுக்கு மனப்பாடம். நடிகர் வாயைத் திறப்பதற்கு முன்பே இவர் சிரித்துவிடுவார். பிறகு நடிகர் என்ன சொன்னார் என்று மற்றவர்களுக்குக் கேட்காது.

"ஏன் பாக்கணும் வாப்பா?"

"காலையில இருந்து வாளி வித்த மனுசனுக்கு சிரிப்பு வேணும் மகள். அப்பிடியே எழுதுங்க."

வீட்டில் உம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பிடித்தது 'நீலக் கதவு' என்ற புதிய நாடகம். போன கிழமை, அதாவது போன வாரம், திங்கட்கிழமை அதில் ஒரு பெண் கதவின் மேல் கை வைத்தாள். வியாழக்கிழமைதான் கதவு திறந்தது.

"மூணு நாளா கதவு தொறக்கிறதை பாக்கணுமா உம்மா?"

"கதவுக்கு உள்ளுக்கு ஆரு ஈக்கிற எண்டு நெனச்சிட்டே சமைச்சா, வேல தெரியா மகள்" என்றார் உம்மா.

மிருகங்களைப் பற்றிய நிகழ்ச்சி ஒன்றையும், வினாவிடைப் போட்டி ஒன்றையும் ருஷ்தா தன் சார்பில் எழுதிக்கொண்டாள். நான்கு முடிந்தது. மீதி இருந்தது தம்பி இப்ஹாம். அவனுக்கு ஐந்து வயது.

அவன் தினமும் ஏழு மணிக்கு ஒரு நாடகம் பார்ப்பான். 'பாலம லங்க கெதர.' பாலத்தடி வீடு என்று அர்த்தம். அது சிங்கள நாடகம். இப்ஹாமுக்குச் சிங்களம் தெரியாது. ஆனாலும் டீவிக்கு முன்னால் பங்கு எனப்படும் சின்ன மர இருக்கையைப் போட்டு, மூக்கு முட்டும் தூரத்தில் உட்கார்ந்துவிடுவான். அந்த அரை மணித்தியாலம் வீட்டில் எவரும் தும்மக்கூடாது.

"என்னத்துக்குடா இதப் பாக்கிற?" என்று ருஷ்தா கேட்டாள்.

"சொல்ல மாட்டேன்."

அந்த நேரம் பார்த்து உம்மாவின் போன் அடித்தது. திரையில் மஸாஹிரா தாத்தாவின் முகம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ருஷ்தாவின் வீட்டில் தாத்தா என்றால் மூத்த சகோதரி. மஸாஹிரா தாத்தாவுக்கு இருபது வயது. ஆறு கிழமைக்கு முன்புதான் படிப்பதற்காகத் தூரத்து ஒலுவிலுக்குப் போயிருந்தார். இதை ருஷ்தா வகுப்பில் சொன்ன அன்று, ஹந்தானையிலிருந்து வரும் அவளுடைய சிநேகிதி சுகிர்தா வாயைப் பிளந்துவிட்டாள்.

"என்னது, ஒங்க தாத்தா ஹொஸ்டல்ல தங்கிப் படிக்கிறாங்களா? எங்க தாத்தாவுக்கு பல்லே இல்ல! அவரு எங்க அம்மாவோட அப்பா."

இரண்டு பேரும் அன்று இடைவேளை முழுவதும் சிரித்தார்கள்.

உம்மா போனை இப்ஹாமிடம் நீட்டினார். "இந்தாங்க மகன், தாத்தா பேசுறாங்க."

இப்ஹாம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வேணாம்" என்றான்.

"தம்பி, தாத்தாவப் பாருங்களேன்" என்று போனிலிருந்து குரல் வந்தது.

"வேணாம், வேணாம்!" அவன் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டான்.

மஸாஹிராவின் முகம் வாடிவிட்டது. அவனைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். அவனுக்குச் சோறு ஊட்டியதும், நித்திரையாக்கியதும் அவர்தான். "ஆறு கிழமையில என்ன மறந்துட்டானா ருஷ்தா?" என்று கேட்டார். ருஷ்தாவுக்கு அந்த நாடகத்தின் மேல் கோபம் கோபமாக வந்தது.

அடுத்த நாள் ஏழு மணிக்கு அவள் ரிமோட்டை எடுத்து வேறு பக்கம் மாற்றிவிட்டாள்.

இப்ஹாம் அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக் கோழிகள் எழுந்துவிட்டன. ருஷ்தா பயந்துபோய் நாடகத்தை மறுபடி போட்டாள். பிறகு அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். திரையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி, பஸ் தரிப்பிடத்தில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாத்தா கவதத என்னே?" என்று அவள் தன் அம்மாவிடம் கேட்டாள். கண்ணில் நீர்.

"பாத்தியா?" இப்ஹாம் மூக்கை உறிஞ்சினான். "அந்தப் புள்ளட தாத்தாவும் பஸ்ஸில போயீக்கிறாங்க. எப்ப வருவாங்க எண்டு கேக்கிறா."

"ஒனக்கு எப்பிடிடா தெரியும்?"

"அழுதுட்டு, ரோட்டப் பாத்துட்டு, தாத்தா தாத்தா எண்டு சொல்றா. வேற என்னத்தக் கேப்பா?"

ருஷ்தாவுக்குச் சிரிப்பு வந்தது. கேள்வியை அவன் சரியாகத்தான் சொன்னான்; ஆனால் சிங்களத்தில் 'தாத்தா' என்றால் வாப்பா. அந்தச் சிறுமி காத்திருப்பது அவளுடைய அப்பாவுக்காக. அந்த அப்பாவை நாடகத்தில் இதுவரை ஒருமுறைகூடக் காட்டவில்லை. ஆனால் தம்பியின் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"அவட தாத்தா வந்தா, நம்மட தாத்தாவும் வருவாங்க" என்றான் அவன்.

"அப்ப ஏன்டா தாத்தா போன் எடுத்தா பேச மாட்டேங்கிற?"

இப்ஹாம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவள் காதுக்குள் சொன்னான்.

"அந்தப் புள்ள போன்ல பேசுவா. பேசினா அண்டைக்கு தாத்தா வர மாட்டாங்க. ஒவ்வொரு தரமும் அப்பிடித்தான். போன்ல பேசினா வரவே மாட்டாங்க. அதான் நான் பேச மாட்டேன்."

அவன் தாத்தாவை மறக்கவில்லை. தாத்தா வரவேண்டும் என்பதற்காகத்தான் காதைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறான். ருஷ்தாவுக்கு அழுகை வந்துவிட்டது. அவனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை நிலைமை இன்னும் மோசமானது. நாடகம் முடிந்ததும் ஒரு விளம்பரம் காட்டினார்கள். ஒரு பஸ் நின்றது. ஒரு பை இறங்கியது. அதன் பின்னால் கறுப்புச் சப்பாத்து போட்ட இரண்டு கால்கள் இறங்கின. முகத்தைக் காட்டவில்லை. "வெள்ளிக்கிழமை தாத்தா வருகிறார்" என்று சிங்களத்தில் ஒரு குரல் சொன்னது.

"தாத்தா!" என்று இப்ஹாம் துள்ளினான். "அவட தாத்தா புதுச் சப்பாத்து வாங்கீக்கிறாங்க! எப்ப வாராங்க? எப்ப?"

"வெள்ளிக்கிழமை" என்று ருஷ்தா வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

அவன் நேராக அலுமாரிக்குப் போனான். பெருநாளுக்குத் தைத்த சட்டையை எடுத்துக் கதிரையில் விரித்து வைத்தான். "வெள்ளிக்கிழமை நம்மட தாத்தாவும் வருவாங்கதானே, போடத்தான்" என்றான். அந்தச் சப்பாத்து ஆண்களுடைய சப்பாத்து என்று சொல்ல ருஷ்தா இரண்டு தரம் வாயைத் திறந்தாள். இரண்டு தரமும் அந்தச் சட்டையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

மஸாஹிரா தாத்தாவுக்கு லீவு கிடைக்க இன்னும் மூன்று கிழமை இருந்தது. வெள்ளிக்கிழமை பஸ்ஸிலிருந்து யாரோ ஓர் ஆள் இறங்கும்போது இப்ஹாம் என்ன செய்வான்?

வியாழக்கிழமை பாடசாலை விட்டு வந்ததும் உம்மாவின் போனை வாங்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். மஸாஹிராவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"மறக்கலயா?" என்று தாத்தா கேட்டார். குரல் உடைந்திருந்தது.

"இல்ல தாத்தா. நாளைக்கு ஏழு மணிக்கு நீங்களும் அந்த நாடகத்தப் பாக்கணும். அங்க டீவி ஈக்கிதா?"

"ஹொஸ்டல் ஹோல்ல ஈக்கிது."

"அப்ப நான் போன் எடுக்கிறேன். பேசாதீங்க. அவன் பேசினா மட்டும் பேசுங்க. அவன் அழுற நேரம் நீங்க பக்கத்தில ஈக்கணும். அவ்வளவுதான்."

வெள்ளிக்கிழமை காலை டீச்சர் கொப்பிகளைப் பார்த்தார். ருஷ்தாவின் ஐந்தாவது இடத்தில், 'பாலம லங்க கெதர: ஏன் பார்க்க வேண்டும் என்று இன்று ஏழரை மணிக்குத்தான் தெரியும்' என்று இருந்தது.

"இதென்ன மகள்?"

"எங்கட வீட்டில ஒரு கஷ்டம் டீச்சர். திங்கட்கிழமை சொல்றேன்."

டீச்சர் கண்ணாடிக்கு மேலாக அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, மேலும் கேட்காமல் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தார். நல்ல டீச்சர்.

மாலை ஏழு மணி. இப்ஹாம் பெருநாள் சட்டை போட்டு, தலை வாரி, பங்கில் உட்கார்ந்திருந்தான். ருஷ்தா முன்பே விஷயத்தைச் சொல்லியிருந்ததால் வாப்பா கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு வந்திருந்தார். உம்மா அடுப்பை அணைத்துவிட்டார். ருஷ்தா போனை முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள்.

பஸ் வந்தது. பை இறங்கியது. சப்பாத்து இறங்கியது. அதற்கு மேலே ஒரு தொப்பை இறங்கியது. தொப்பைக்கு மேலே, இரண்டு பக்கமும் முறுக்கிய ஒரு பெரிய மீசை.

"தாத்தே!" என்று அந்தச் சிறுமி ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டாள்.

இப்ஹாம் அசையவில்லை.

"ஆரு அது?"

"அந்தப் புள்ளட தாத்தா" என்றாள் ருஷ்தா மெதுவாக.

"தாத்தாவுக்கு மீசையா?"

வாப்பாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. உம்மா அவர் கையில் கிள்ளினார்.

ருஷ்தா தம்பியின் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். "சிங்களத்தில வாப்பாவத்தான் தாத்தா எண்டு சொல்ற. சுகிர்தாட வீட்டில உம்மாட வாப்பாவத்தான் தாத்தா எண்டு சொல்ற. அந்தத் தாத்தாவுக்கு பல்லு இல்ல. நம்மட வீட்டில தாத்தா எண்டா மஸாஹிரா தாத்தா. சொல்லு ஒண்டுதான் தம்பி. ஆள் வேற."

அவன் உதடு நடுங்கியது. "அப்ப நம்மட தாத்தா வரலயா?"

"இண்டைக்கு வரல. ஆனா ஒன்னோட சேந்து பாத்துட்டு ஈக்கிறாங்க."

அவள் போனை முன்னால் கொண்டுவந்தாள். அதற்குள் மஸாஹிரா, கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொன்னபடி ஒரு சொல் பேசவில்லை.

"போன் வேணாம்!" இப்ஹாம் காதைப் பொத்தினான். "பேசினா வர மாட்டாங்க!"

"இங்க பாரு. அந்தப் புள்ள எத்தின தரம் போன்ல பேசினா?"

"மிச்சம் தரம், நூறு தரம்."

"அவட தாத்தா வந்தாரா, வரலயா?"

இப்ஹாம் திரையைப் பார்த்தான். அந்தச் சிறுமி இப்போது மீசைக்காரரின் தோளில் ஏறி உட்கார்ந்து, பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தாள். அவன் வெகுநேரம் பார்த்தான்.

"வந்தார்" என்றான்.

"அவ்வளவு பேசியும் வந்தார்தானே?"

ஒரு கை காதிலிருந்து இறங்கியது. கொஞ்சம் பொறுத்து மற்றக் கையும் இறங்கியது. அவன் போனை வாங்கி, டீவியைப் பார்ப்பதுபோலவே மூக்கு முட்டும் தூரத்தில் பிடித்துக்கொண்டான்.

"பெருநாள் சட்ட ஆருக்குப் போட்டீக்கீங்க தம்பி?" என்று மஸாஹிரா கேட்டார்.

"ஒங்களுக்குத்தான்."

"இன்னும் மூணு கிழமையில நான் வருவேன். ஒவ்வொரு நாளும் போன்ல பேசினாலும் வருவேன். சரியா?"

இப்ஹாம் யோசித்தான். அவனுக்கு இன்னும் ஒரு கவலை மிச்சம் இருந்தது.

"தாத்தா" என்றான், மிகவும் கெஞ்சலாக. "வாற நேரம் மீச வெச்சிட்டு வராதீங்க."

ஒலுவிலில் அந்த ஹோல் முழுவதும் சிரித்தது இங்கே அக்குறணையில் கேட்டது. மஸாஹிரா சிரித்தார், அழுதார், மறுபடியும் சிரித்தார். மீசை வைக்க மாட்டேன் என்று மூன்று தரம் சத்தியம் செய்தார். அதற்குப் பிறகு இப்ஹாம் ஆறு கிழமைக் கதையையும் ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினான். அவன் கையிலிருந்து அந்தப் போனை வாங்க உம்மாவுக்கு முழுசாக ஒரு மணித்தியாலம் பிடித்தது.