மூன்றாவது திரை

மவுஸ் அம்பு பழைய மானிட்டரின் வலது ஓரம்வரை போனது. அங்கே முட்டி நிற்காமல் அதையும் தாண்டிப் போய்விட்டது. அன்னாள் மவுஸை இடதுபக்கம் இழுத்தாள். தொலைவிலிருந்து நடந்து வருவதுபோல, வெகுநேரம் கழித்துத்தான் அம்பு திரும்பி வந்தது.

மணி நாலுதான். ஆனால் மூணாறுக்கு மேலே அந்த எஸ்டேட்டில் ஆடி மாத மூடுபனி ஜன்னலில் வந்து அப்பிக்கொண்டு, தொழிலாளர் லயத்து வீட்டின் முன்னறையை அந்திபோல் இருட்டாக்கியிருந்தது. தகரக்கூரையில் மழை விடாமல் இரைய, அதற்கடியில் பழைய மானிட்டரின் மெல்லிய கீச்சொலியும், சூடேறிய தூசியின் கருகல் வாடையும் அறை முழுக்கப் பரவியிருந்தன.

மறுநாள் அவளுக்கு வேலையில் முதல் நாள். டாக்டர்கள் பேசி அனுப்பும் நோயாளிக் குறிப்புகளை வீட்டிலிருந்தே டைப் அடிக்க வேண்டும். இரண்டு திரை இல்லாவிட்டால் வேலை இல்லை என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். புது கம்ப்யூட்டரோடு ஒன்று வந்தது. இன்னொன்றை, டவுனில் கடை வைத்திருக்கும் ஷிஜு பழைய சாமான்களிலிருந்து தேடித் தூசி தட்டிக் கொடுத்தார். அதன் நீலமுனை வயர் புதுப் பெட்டியில் நுழையாதென்று சின்ன கன்வெர்ட்டர் ஒன்றும் தந்தார். கணவன் மாரீஸ்வரன் ஜீப்பில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு மறையூர் போயிருந்தான். வலதுபக்கச் சுவருக்கு அப்பால், உள்ளறையில், ஆறு வயது டின்சி காய்ச்சலோடு தூங்கிக்கொண்டிருந்தாள்.

அன்னாள் அம்பை மறுபடி வலதுபக்கம் தள்ளினாள். அது மறைந்தது.

உள்ளறையில் டின்சி சிரித்தாள்.

"அம்மா, கூசுது."

காய்ச்சலில் உளறுகிறாள் என்று அன்னாள் நினைத்துக்கொண்டாள். சுடுகஞ்சி வைக்க வேண்டும், அதற்குள் இதை முடித்துவிடலாம். பழகுவதற்காக அனுப்பியிருந்த மாதிரிக் குறிப்பு ஒன்றைத் திறந்து, புதுத் திரையிலிருந்து பழையதற்கு இழுத்தாள். விரலை எடுத்த பிறகும் அது நிற்கவில்லை. தண்ணீரில் போகும் காகிதம்போல நழுவி, ஓரத்தைத் தாண்டி, சுவர் இருந்த பக்கமாகப் போய்விட்டது.

உள்ளே டின்சி வாசிக்கத் தொடங்கினாள்.

ஆங்கிலத்தில். இன்னும் நாலெழுத்துச் சொல்லைக்கூடக் கூட்டி வாசிக்கத் தெரியாதவள், நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் ஓரிடத்தில்கூடத் தடுமாறாமல், மூச்சு விடாமல், ஒரே குரலில் வாசித்தாள். அன்னாள் எழுந்து ஓடி, உள்ளறை வாசலில் தொங்கிய துணித்திரையை விலக்கினாள். குரல் நின்றது. குழந்தை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மூச்சு சீராக வந்தது.

அன்னாள் முன்னறைக்கு வந்து, போனில் ஷிஜுவைக் கூப்பிட்டாள். குழந்தையைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. அம்பு எங்கோ போய்விடுகிறது என்று மட்டும் சொன்னாள். டிஸ்பிளே செட்டிங்ஸைத் திறந்து, திரைக்கு ஒன்றாக எத்தனை கட்டம் தெரிகிறது என்று எண்ணச் சொன்னார் அவர்.

மூன்று.

"புதுசு போக ஒரு வயர்தானேக்கா குத்துனீங்க? அப்ப ரெண்டுதான காட்டணும்."

பிறகு, கீழே ஐடென்டிஃபை என்று ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்கினால் ஒவ்வொரு திரையிலும் அதன் நம்பர் பெரிதாக வரும் என்றார்.

"அமுக்கிப் பாருங்க. மூணாவது எங்க இருக்குன்னு அதே காட்டிரும்."

மழையில் சிக்னல் போய் இணைப்பு அறுந்தது.

அன்னாள் அமுக்கினாள்.

புது மானிட்டரில் ஒன்று. பழையதில் இரண்டு.

உள்ளறைத் துணித்திரைக்குக் கீழே, சிமெண்டுத் தரையில், வெள்ளை வெளிச்சம் வழிந்தது.

அவள் நீலமுனை வயரைப் பிடுங்கினாள். பழைய மானிட்டர் இருண்டது. தரையில் வெளிச்சம் அப்படியே இருந்தது. சுவரில் சுவிட்சை அணைத்தாள். புதுத் திரையும் போனது. கீச்சொலி நின்றது.

வெளிச்சம் போகவில்லை.

ஏசுவே என்றாள். உள்ளறைக்கு நடந்தாள். திரையை விலக்கினாள்.

டின்சி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நேராக. வாசலைப் பார்த்து. நெற்றியிலிருந்து மோவாய்வரை, தோலுக்கு அடியிலிருந்து, வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது அந்த மூன்று.

"டின்சி."

எண் மெல்ல மங்கியது. அணைந்தது. அதனோடு கண்களும் மூக்கும் வாயும் அணைந்தன. பின்னிய இரட்டைச் சடைக்கு நடுவே, அணைந்த மானிட்டர்போல, வழவழப்பான கறுப்பு மட்டும் மிஞ்சியது. ஜன்னலின் மங்கல் ஒளியில் அதற்குள் வாசல் தெரிந்தது. வாசலில், மிகச் சிறியதாக, துணித்திரையைப் பிடித்தபடி நிற்கும் அன்னாள் தெரிந்தாள்.

உள்ளிருந்து அந்தக் குரல் குறிப்பின் அடுத்த வரியை வாசித்தது.