கதவில்லாத அறை

கூடத்துக் கண்ணாடியை மூடியிருந்த துண்டில், ஆள் நின்றால் வாய் வரும் உயரத்தில், உள்ளங்கை அளவுக்கு ஈரம் இருந்தது. வியோரிக்கா தொட்டுப் பார்த்தாள், வெதுவெதுப்பாக இருந்தது. விரலை முகர்ந்ததும் அந்துருண்டை வாடையும், அதற்கடியில் அம்மா ராத்திரிதோறும் குடித்த பிளம் சாராயத்தின் வாடையும் வந்தன. சுவருக்குள் ஓடும் வெந்நீர்க் குழாயின் வேலையாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அம்மா போய் மூன்று வாரம். நாற்பதாம் நாள் வரை வீட்டில் கண்ணாடி எதுவும் திறந்திருக்கக் கூடாது. செத்தவர் அதில் முகம் பார்த்துவிட்டால் வீட்டை விட்டுப் போகமாட்டார் என்பது பிரைலா ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். குளியலறை, அலமாரி, அடுப்பின் கண்ணாடிக் கதவு வரை மூடியாயிற்று. கிழவியை வழியனுப்புவதில் வியோரிக்கா ஒரு குறையும் வைக்கவில்லை. மடிக்கணினியை மட்டும் அவள் கண்ணாடிக் கணக்கில் சேர்க்கவில்லை.

சாயங்காலம் தன் அறையில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் மனநல ஆலோசகர் கொரீனா; கீழ் மூலையில், சின்னக் கட்டத்தில், வியோரிக்காவின் முகம்.

"இன்னிக்கு சிகிச்சை எதுவும் கிடையாது. இப்படி கம்ப்யூட்டர்ல பேசறது உங்களுக்கு சரிப்பட்டு வருமான்னு மட்டும் பார்ப்போம். முக்கியமா, வேற யார் காதுலயும் விழாம பேச அங்க ஒரு இடம் இருக்கணும்" என்றாள் கொரீனா.

"இருக்கு. இப்பத்தான் கிடைச்சிருக்கு."

வியோரிக்காவின் முதுகுக்குப் பின்னால் வாசல் நிலை மட்டும்தான், கதவு கிடையாது. பள்ளிக்கூட நாளிலேயே அம்மா கழற்றிவிட்டாள். எங்கிட்ட மறைக்க உனக்கு என்னடி இருக்கு? தோழி, காதலன், டெலிபோன், எது வந்தாலும் அந்த நிலையில் அம்மாவின் காது. தலை நரைத்த பிறகாவது யாரும் ஒட்டுக் கேட்காமல் ஒரு மணி நேரம் பேசிவிட வேண்டும். வியோரிக்காவுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"எங்கம்மா சாகணும்னு நான் தினமும் வேண்டிக்கிட்டேன், மேடம்."

கொரீனாவின் பார்வை வியோரிக்காவின் தோளைத் தாண்டிப் போயிருந்தது.

"தனியா இருக்கீங்கன்னு நினைச்சேன். பரவாயில்ல, அவங்களும் பேசட்டும்."

வியோரிக்கா திரும்பினாள். வெறும் நிலை. எங்கோ குழாய் முனகியது. சாராய வாடை.

திரையைப் பார்த்தாள். சின்னக் கட்டத்தில் நிலை வெறுமையாக இல்லை. கறுப்பு முக்காடு. மரத்தைப் பிடித்த விரல்கள்.

"மேடம், அங்க யாரும் இல்ல."

குரல் வரவில்லை. கட்டத்தில் அவள் வாய் மூடியே இருந்தது. அம்மாவின் வாய்தான் அசைந்தது. கொரீனா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லோரையும் போல இவளும் அம்மா பக்கம்.

"புரியுதும்மா. நீங்க சொல்றதுதான் சரி. உங்க பொண்ணுக்கு இது சரிப்படாது. அதான் கூடவே நீங்க இருக்கீங்களே."

திரை அணைந்தது.

கறுப்பு. கறுப்புக்கு உள்ளே வியோரிக்கா. அந்தப் பக்கம் அவளுடைய அறை. அவளுடைய நாற்காலி. நாற்காலியில் அம்மா.

அம்மா நிதானமாக எழுந்து போனாள். கூடத்துத் துண்டை எடுத்து வந்தாள். சுருக்கமில்லாமல் நீவி, திரையின் மேல், வியோரிக்காவின் முகத்துக்கு நேரே தொங்கவிட்டாள்.

அந்துருண்டை வாடை. இருட்டு. வியோரிக்கா கத்தினாள்.

துண்டில், வாய் வரும் உயரத்தில், உள்ளங்கை அளவுக்கு ஈரம் பரவியது.